பலகை இல்லாத மாடி

ஜனவரி 19

பால் வந்தது. குழாயில் தண்ணீர் வரவில்லை. மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பினேன்.

துளசிமணியிடம் அரை லிட்டர் மாவு வாங்கினேன். எதிர்வரிசையில் நான்காவது வீடு. முன்னறையில் இரண்டு பெரிய கிரைண்டர்களை வைத்து இட்லி மாவு அரைத்து விற்கிறார். கணவர் நாச்சிமுத்து தறிப்பட்டறையில் இடுப்பில் அடிபட்டுப் படுத்ததிலிருந்து அந்த வீடு அந்த மாவில்தான் நிற்கிறது. முன்பு என் மனைவி சௌந்தரம் போய் வாங்குவாள். இப்போது நான் போகிறேன். முந்தைய நாட்களின் மாவும் ஃபிரிட்ஜில் அப்படியே இருக்கிறது. வாங்காமல் விட்டால் ஏன் என்று கேட்பார். பதில் சொல்வதைவிட வாங்கிவிடுவது எளிது.

மகள் சுபாஷிணி பெங்களூரிலிருந்து பேசினாள். சாப்பிட்டீர்களா என்றாள். சாப்பிட்டேன் என்றேன்.

ஜனவரி 21

தை முகூர்த்தம். விடிவதற்கு முன்பே சென்னியப்பன் மாடியில் நாதஸ்வரம். எழுந்து குளித்து முகச்சவரமும் செய்துகொண்டேன்.

சென்னியப்பன் வீடு எங்கள் வீட்டுக்குச் சுவரோடு சுவர். கீழே குடியிருக்கிறார். மேலே தகர ஷீட் போட்டு ஒரு ஹால். நிச்சயதார்த்தம், காதுகுத்து, வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு எல்லாம் அங்கே நடக்கும். பெயர்ப்பலகை கிடையாது. பந்திக்கு முன்னூறு பேர் உட்காரும் இடத்துக்கு எங்கள் பொன்னி நகரில் இருக்கிற ஒரே பெயர் ‘சென்னியப்பன் மாடி’ என்பதுதான். ஜெனரேட்டர், மைக், தெருவை அடைத்து நிற்கும் கார்கள் எல்லாம் உண்டு.

இதைப் பற்றிப் போன செப்டம்பரில் நகராட்சிக்கு ஒரு மனு கொடுத்திருந்தேன். சௌந்தரம் அப்போது கட்டிலில் இருந்தாள். வலிக்கு ஊசி போட்டு அவள் கண்ணயரும் நேரமும் மைக் பிடிக்கும் நேரமும் ஒன்றாகவே அமைந்தன. நான் மனு எழுதும்போது அவள் சொன்னாள், “பேரை எழுதாதீங்க. நாளைக்கு அவங்க மூஞ்சியிலதான் முழிக்கணும்.” சரியென்று பட்டது. ‘எங்கள் நகரில் குடியிருப்பு விதிக்கு மாறாக நடைபெறும் வணிகங்களின் மீது நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன்’ என்று பொதுவாக எழுதினேன். கதவு எண்ணும் போடவில்லை. எங்கள் நகரில் எந்த மனுவானாலும் முதல் கையெழுத்து வாத்தியாருடையதாக இருக்கவேண்டும் என்று ஒரு வழக்கம். இதில் முதலும் கடைசியும் என்னுடையதுதான்.

பிறகு அந்த மனுவை மறந்துவிட்டேன். அக்டோபரில் வேறு வேலைகள் வந்துவிட்டன.

ஜனவரி 23

நகராட்சியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பெண் உதவிப் பொறியாளர் ஒருவர், உடன் இரண்டு பேர். நான் மாடிப்படியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பலகை இருந்த வீடுகளை எல்லாம் நின்று பார்த்தார்கள். தையல் வகுப்புக்கு ஓர் எச்சரிக்கை, பல் டாக்டர் வீட்டுக்கு ஓர் எச்சரிக்கை. சென்னியப்பன் வீட்டில் கேட் பூட்டியிருந்தது. முகூர்த்தம் இல்லாத நாளில் அது எல்லா வீட்டையும் போல ஒரு வீடு. வாசலில் துளசிமாடம்கூட உண்டு. தாண்டிப் போனார்கள்.

துளசிமணி வீட்டில் சுவரிலேயே ‘இட்லி தோசை மாவு கிடைக்கும்’ என்று பெயிண்டால் எழுதியிருக்கிறது. உள்ளே இரண்டு கிரைண்டரும் ஓடிக்கொண்டிருந்தன. அவர்கள் நிறுத்தச் சொன்னார்கள். ஊறிய உளுந்து பாதி அரைபட்ட நிலையில் கல்லுக்குள் இருந்தது. அதை வழித்தெடுக்க அவகாசம் கேட்டார். கொடுத்தார்கள். பிறகு முன்னறைக் கதவைச் சாத்தி, பூட்டில் துணி சுற்றி, அரக்கு உருக்கிச் சீல் வைத்தார்கள்.

நான் இறங்கிப் போனேன். அதற்குள் பொறியாளர் கையிலிருந்த மனுவில் என் கையெழுத்தைத் துளசிமணி பார்த்துவிட்டிருந்தார்.

“ஏனுங் சார், தெனமும் அரை லிட்டர் வாங்கிட்டுப் போறீங்களே, அப்ப ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதுங்களா?”

“உங்களைச் சொல்லலைம்மா.”

“பின்ன ஆரைங் சொன்னீங்க?”

தெருவே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. பூட்டியிருந்த கேட்டை இப்போது திறந்துகொண்டு சென்னியப்பனின் மனைவி பூவிழியும் வந்து நின்றிருந்தார்.

“பேரில்லாத மனுவுக்கு எங்க வூடுதான் கெடச்சுதாக்கும்,” என்று சொல்லிவிட்டு, வழித்த மாவுக் குண்டானை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்வாசல் பக்கம் போய்விட்டார்.

இன்று மாவு வாங்கவில்லை.

ஜனவரி 24

கேஸ் சிலிண்டர் வந்தது. வேறொன்றும் இல்லை.

ஜனவரி 27

நகராட்சி அலுவலகம் போனேன். பொறியாளர் பெயர் அருள்மொழி. வயது முப்பது இருக்கும். மரியாதையாக உட்காரச் சொன்னார்.

“சார், உங்க மனுவுல கதவு எண்ணே இல்லீங்க. அப்ப நாங்க ரோட்டுல நின்னு என்ன தெரியுதோ அதைத்தானே பார்க்க முடியும்? பலகை இருந்தா தொழில் இருக்கு. மிஷின் ஓடுறதைக் கண்ணால பார்த்தேன், சீல் வெச்சேன்.”

“சென்னியப்பன் மாடி?”

“அது ரெக்கார்டுல வீடு. போனப்பவும் வீடாத்தான் இருந்துச்சு. நீங்க பேர் போட்டுத் தனியா மனு கொடுங்க. நோட்டீஸ் அனுப்புவோம். விளக்கம் சொல்ல அவருக்கு முப்பது நாள்.”

“அந்தம்மாவுக்கு முப்பது நிமிஷம்கூடக் கொடுக்கலையேம்மா.”

அவர் பேனாவை மூடினார். நான் கோபப்படவில்லை. வகுப்பில் சொல்கிற ஓர் உதாரணம் சொன்னேன். ஒரு பையனின் அடிக்கோலில் முனை உடைந்து ஒன்றிலிருந்துதான் தொடங்கும். அதைக் கொண்டு வகுப்பில் எல்லாருடைய பெஞ்சையும் அளந்தால் எல்லாம் ஒரே அளவில் தப்பாக இருக்கும். யாருக்கும் மனக்குறை இல்லை. ஒருவனை உடைந்த கோலாலும் இன்னொருவனை நல்ல கோலாலும் அளந்தால்தான் சண்டை வரும்.

“எங்ககிட்ட கோலே இல்லீங்க சார். டேப்தான். அதையும் போன வாரம் யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்க,” என்றார். இருவரும் சிரித்தோம். சிரித்தேன் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது.

மனுவை வாபஸ் வாங்கினால் துளசிமணியின் சீல் போகுமா என்று கேட்டேன். போகாதாம். கண்ணால் பார்த்துப் பதிவு செய்தது பதிவுதான். வாபஸ் வாங்கினால் இன்னும் பதிவாகாதவருக்கு மட்டும்தான் லாபம்.

இன்னொன்றும் சொன்னார். வீட்டோடு சேர்த்துச் செய்கிற சின்னத் தொழிலுக்கு விதியில் இடம் உண்டாம். மோட்டாரின் சக்திக்கு ஒரு வரம்பு. துளசிமணியின் இரண்டு மோட்டாரும் சேர்ந்து வரம்பைத் தாண்டுகின்றன. ஒன்றென்றால் தாண்டாது. அதை விளக்க அவருக்கு ஒரு விசாரணை வேண்டும். சீல் வைத்த பிறகு விசாரணைக்கு அவசரம் யாருக்கும் இல்லை.

ஜனவரி 28

மழைக்காலத்தில் ஊறிய மேற்குச் சுவருக்கு வெள்ளையடிக்கும் ஆள் இன்று வருவதாகச் சொல்லியிருந்தார். வரவில்லை.

ஜனவரி 30

நலச்சங்கத் தலைவர் தங்கவேல் வந்தார். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். உட்காரும்போதே, “வாத்தியாரே, பிள்ளையார் பிடிக்கக் குரங்காப் போச்சு,” என்றார்.

“ஆமா.”

“விட்டுருங்க. துளசிமணிக்கு நம்ம சங்கத்துல ஏதாச்சும் பண்ணுவோம். சென்னியப்பனை இழுக்காதீங்க. அவரு உங்களுக்கு என்ன செஞ்சாருன்னு ஊருக்கே தெரியும்.”

தெரியும். அதை இங்கே எழுதவேண்டிய அவசியமில்லை.

“சங்கத்துல எல்லாரும் சேர்ந்து கதவு எண் போட்டு மனு கொடுக்கலாமே?” என்றேன்.

“முதல் கையெழுத்து நீங்க போடுங்க, அப்பறம் பாப்போம்,” என்று சிரித்துக்கொண்டே எழுந்தார். டீ போட்டிருந்தேன். குடிக்காமல் போய்விட்டார்.

பிப்ரவரி 2

சௌந்தரத்தின் பீரோ சாவியைத் தேடினேன். மின்கட்டண அட்டை அதற்குள் இருக்குமோ என்று. சாவி இருந்தது. பீரோவைத் திறக்கவில்லை. மின்கட்டணத்தைச் சுபாஷிணி ஃபோனிலேயே கட்டிவிட்டாளாம்.

பிப்ரவரி 3

துளசிமணி பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தார். பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டப் போகிறாராம். நாச்சிமுத்துவைத் திருப்பிப் படுக்கவைக்கப் பகலில் ஆள் இல்லை. கதவைத் தாழிடாமல் சாத்திவிட்டுப் போகிறார். ஏதாவதென்றால் சத்தம் போடச் சொல்லியிருக்கிறாராம்.

“நான் வேணா மதியம் ஒரு நடை போய்ப் பார்க்கட்டுமாம்மா?”

என்னைப் பார்த்தார். “உங்களுக்கு அந்த வேலையெல்லாம் பழக்கம்தானுங்களே,” என்றார். குத்தலாகச் சொன்னாரா சாதாரணமாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. பஸ் வந்துவிட்டது.

மதியம் போனேன். நாச்சிமுத்துவைத் திருப்பிப் படுக்கவைத்தேன். தோளுக்கும் இடுப்புக்கும் அடியில் எப்படிக் கை கொடுப்பதென்று கை தானாகவே அறிந்திருந்தது.

பிப்ரவரி 4

போனேன்.

பிப்ரவரி 6

இன்று மாடியில் விசேஷம் இல்லை. எழுந்திருக்க எட்டரை ஆகிவிட்டது.

கதவு எண் போட்டு, பெயர் போட்டு, இரண்டாவது மனு எழுதினேன். இரண்டு விஷயங்கள் கேட்டிருக்கிறேன். ஒன்று, மாடியையும் விசாரிக்கவேண்டும். இரண்டு, இருவரையும் ஒரே நாளில், ஒரே முறையில் விசாரிக்கவேண்டும். அதுவரை ஒருவர் கதவு திறந்திருந்தால் இன்னொருவர் கதவும் திறந்திருக்கவேண்டும். பரீட்சை ஹாலில் ஒரே கேள்வித்தாளைக் கொடுத்துவிட்டு ஒருவனுக்கு மூன்று மணி நேரம், இன்னொருவனுக்கு மூன்று நிமிடம் என்றால் அதற்குப் பெயர் பரீட்சையா? இந்த உதாரணத்தையும் எழுதி, பிறகு அடித்துவிட்டேன். சௌந்தரம் இருந்திருந்தால், “மனுவுல பாடம் எடுக்காதீங்க” என்பாள்.

மனுவை மடித்து உறையில் போட்டுவைத்தேன்.

பிப்ரவரி 7

கொடுத்துவிட்டேன். ரசீது வாங்கிக்கொண்டேன். வழியில் ரஸ்க் வாங்கினேன்.

பிப்ரவரி 16

சென்னியப்பனுக்கு நோட்டீஸ் வந்துவிட்டது. மாலையில் அவரே வந்தார். கையில் ஒரு சீப்பு பூவன் பழம். தோட்டத்துப் பழமாம். மேசையில் வைத்தார். சௌந்தரத்தின் படத்தைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றார்.

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா நானே நிறுத்தியிருப்பேனே சார். அக்காவுக்கு முடியலைன்னு நீங்க சொன்னப்ப மைக்கைக் கொறைச்சனா இல்லையா?”

“குறைச்சீங்க.”

“இப்ப உங்களுக்கு என்னங்க தொந்தரவு?”

யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. அதையே சொன்னேன்.

“பின்ன என்னத்துக்குங்க இது?”

“துளசிமணி வீட்டுக் கதவுல சீல் இருக்குதுங்க. உங்க வீட்டுல இல்ல.”

“அந்தம்மா சீலை எடுக்கோணும்னா சொல்லுங்க, எனக்கு ஆளிருக்குது. ஒரு ஃபோன்ல எடுத்தரலாம்.”

“அப்படி எடுத்தா அடுத்த ஃபோன்ல திரும்ப வைப்பாங்க.”

அவர் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. எழுந்து போகும்போது கதவருகில் நின்று, “நோட்டீசுக்குப் பதிலா, குடும்ப விசேஷம் மட்டுந்தான் நடத்துறோம்னு எழுதிக் குடுத்திருக்கறேனுங்க. வாடகைக்கு வுட்டதுக்கு ரசீதுமில்ல, பலகையுமில்ல. வந்து சாப்பிட்டுப் போனவங்க ஆரும் வந்து சொல்லப் போறதில்ல,” என்றார். பிறகு தணிந்த குரலில், “அன்னைக்குப் பந்தியப்ப வந்த சண்டையை நான் ஆருகிட்டயும் சொல்லமாட்டனுங் சார். அது நமக்குள்ள,” என்றார்.

பழம் நன்றாக இருந்தது. இரண்டு சாப்பிட்டேன். பல நாளைக்குப் பிறகு ருசி தெரிந்தது.

பிப்ரவரி 20

நாச்சிமுத்துவுக்குப் படுக்கைப்புண் வராமலிருக்க முதுகில் பவுடர் போட்டேன். “வாத்தியாருங், நீங்க வாரது அவளுக்குப் புடிக்கல. வரவேண்டாம்னும் சொல்லமாட்டேங்கறா,” என்றார்.

“அப்ப வரலாம்,” என்றேன்.

மார்ச் 3

விசாரணை வரும் பத்தாம் தேதி. இருவருக்கும் ஒரே நாள். அந்த மட்டில் மனு வேலை செய்திருக்கிறது. சீல் மட்டும் எடுக்கவில்லை. ஆணையர் முடிவு செய்வாராம்.

மார்ச் 10

இதை முழுவதும் எழுதிவிடுவது நல்லது.

காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். சென்னியப்பன் காரை நிறுத்தி, “ஒரே எடத்துக்குத்தானுங்களே போறோம், ஏறுங்க” என்றார். ஏறினேன். துளசிமணியையும் ஏற்றிக்கொள்ளலாம் என்றேன். அவர் முன்பே பஸ்ஸில் போய்விட்டிருந்தார். நாங்கள் இருவரும் ஒரே காரிலிருந்து இறங்குவதை அவர் அலுவலக வாசலில் நின்று பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆணையர் அறையில் நாங்கள் மூவரும் பொறியாளர் அருள்மொழியும். முதலில் துளசிமணியைக் கேட்டார்கள். அவர் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். “மாவு அரைக்கறனுங். விக்கறனுங். செவுத்துல எழுதியும் வெச்சிருக்கறனுங்.” ஒளிக்க ஒன்றும் இல்லாததால் அவர் விசாரணை ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

பிறகு சென்னியப்பன். அழகாகப் பேசினார். அண்ணன் மகள் சீர், தங்கை பேரன் காதுகுத்து, குலதெய்வக் கும்பிடுக்கு விருந்து. பெரிய குடும்பம், மாதம் இரண்டு மூன்று விசேஷம் வரத்தான் செய்யும். பலகை இல்லை. ரசீது இல்லை. பொறியாளர் போனபோது கேட் பூட்டியிருந்தது.

ஆணையர் கோப்பைப் புரட்டினார். “ஆதாரம் எதுவும் இல்லையே. வீடுன்னு முடிச்சுரலாம். அந்தம்மா மேல ஆதாரம் இருக்கு, சீல் தொடரட்டும்,” என்றார். என்னைப் பார்த்து, “மனுதாரர் ஏதாச்சும் சொல்றீங்களா?” என்றார்.

நான் எழுந்து நின்றேன். வகுப்பில் நின்று பழகியவன், உட்கார்ந்து பேச வராது.

“என் மனைவியின் பதினாறாம் நாள் காரியச் சாப்பாடு அந்த மாடியில் நடந்தது,” என்றேன்.

சென்னியப்பன் என்னைப் பார்த்தார்.

நவம்பர் மழை. தெருவில் போட்ட பந்தல் காலையிலேயே சரிந்துவிட்டது. உறவினர்கள் நனைந்துகொண்டு நின்றார்கள். சென்னியப்பன் வந்து, எல்லாரும் மேலே வாங்க என்றார். அவர் சமையல்காரரே சமைத்தார், அவர் ஆட்களே பரிமாறினார்கள். சௌந்தரத்துக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை. பிறந்த வீட்டுக் கோடித்துணி போட ஆளில்லாமல் இருந்தது. அதையும் அவர்தான் கொண்டுவந்தார். அக்கா என்றுதானே கூப்பிட்டேன் என்றார். ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை.

இவ்வளவையும் சொன்னேன்.

“வாங்கலைன்னா அது வியாபாரம் இல்லையேங்க?” என்றார் ஆணையர்.

“என்னிடம் வாங்கவில்லை. அன்று மாலை அதே மாடியில் வேறொருவர் வீட்டு நிச்சயதார்த்தத்துக்கு ஏற்பாடாகியிருந்தது. நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அந்த வீட்டுக்காரர்கள் மேடை அலங்காரத்துக்குப் பூவோடு வந்துவிட்டார்கள். கருமாதி இலை விழுந்த இடத்தில் எங்கள் பெண்ணுக்கு நிச்சயம் செய்யமாட்டோம் என்று சத்தம் போட்டார்கள். சென்னியப்பன் அவர்களிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்டு, அவர்கள் கொடுத்திருந்த முன்பணத்தை என் கண் முன்னால் திருப்பிக் கொடுத்தார். அவர்கள் அவருக்கு உறவில்லை. ஊரே வேறு. எங்களுக்காக அவர் ஒரு வாடகையை இழந்தார். வாடகை இருந்ததால்தானே இழக்க முடிந்தது?”

உட்கார்ந்தேன்.

“இது நெசமாங்க?” என்று ஆணையர் சென்னியப்பனிடம் கேட்டார்.

அவர் இல்லையென்று சொல்லியிருக்கலாம். என் வார்த்தைக்கு அவர் வார்த்தை சமம்தான்.

“காரியத்துல நடந்ததைப் போயி நான் பொய்யின்னு சொல்லமாட்டனுங்,” என்றார்.

ஆணையர் உத்தரவைச் சொல்ல அருள்மொழி எழுதிக்கொண்டார். இருவருக்கும் ஒரே நோட்டீஸ். விதிக்கு உட்பட்டுச் சரிசெய்துகொள்ள இருவருக்கும் ஒரே முப்பது நாள். அதுவரை துளசிமணியின் சீலை நீக்கவேண்டும். முப்பது நாளுக்குப் பிறகு இரண்டு இடத்தையும் ஒரே நாளில் வந்து பார்ப்பார்கள்.

வெளியே வந்தபோது நல்ல வெயில். துளசிமணி முன்னால் வேகமாக நடந்து போய்விட்டார். நான் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தேன். பின்னாலிருந்து ஹாரன். சென்னியப்பன் முன்கதவைத் திறந்துவிட்டிருந்தார்.

“ஏறுங்க. வெயிலு.”

ஏறினேன். பொன்னி நகர் வந்துசேர்ந்தோம். இறங்கும்போது, “நீங்க பொய் சொல்லலீங்க,” என்று மட்டும் சொன்னார்.

வந்து தலைக்குக் குளித்தேன். ஏனென்று தெரியவில்லை. சாவு வீட்டுக்குப் போய்வந்தால்தான் அப்படிக் குளிப்பது.

மார்ச் 11

சீல் உடைத்தார்கள். மாலையில் கிரைண்டர் சத்தம்.

மார்ச் 13

மாவு வாங்கப் போனேன். துளசிமணி அளந்து ஊற்றினார். ஒரு கிரைண்டர்தான் ஓடியது. மற்றதை விற்பதற்கு ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறார். வரம்புக்குள் வரவேண்டுமே.

“ஒரு கல்லுல அரைச்சா வீட்டுச் செலவுக்குச் சரியாப் போயிருங். மருந்துக்குப் பத்தாதுங். பனியன் கம்பெனிக்கு அரை நாள் போயித்தான் ஆகோணும்,” என்றார்.

“மாடியையும் நிறுத்தச் சொல்லியிருக்காங்கம்மா.”

“தெரியுமுங். ரெண்டு பேருக்கும் ஒரே பிரம்புலதான் அடி வாங்கிக் குடுத்தீங்க. தப்பில்லீங்.” பாத்திரத்தின் விளிம்பைத் துணியால் துடைத்துக் கொடுத்தார். “அவிய முதுகும் எங்க முதுகும் ஒண்ணாங் சார்? அவியளுக்கு மாடி வாடகை போனாத் தோட்டமிருக்குது. எனக்கு இருக்கறதே ரெண்டு கல்லு.”

உதாரணம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

“மத்தியானம் வருவீங்களா?” என்றார்.

“வருவேன்.”

“இப்ப பூட்டிட்டுத்தானுங் போறேன். சாவி சன்னல்ல இருக்குதுங்.”

மார்ச் 22

வெள்ளையடிக்கும் ஆள் வந்தார். மேற்குச் சுவர் முடிந்தது. மற்ற சுவர்கள் இப்போது அழுக்காகத் தெரிகின்றன.

ஏப்ரல் 9

அருள்மொழி வந்தார். புது டேப் வைத்திருந்தார். துளசிமணி வீட்டில் ஒரே மோட்டார், வரம்புக்குள். சுவரெழுத்தைச் சுண்ணாம்பால் அழித்திருக்கிறார். அதெல்லாம் இருக்கலாம், அழித்திருக்க வேண்டாம் என்று அருள்மொழி சொன்னார். சென்னியப்பன் மாடியில் நாற்காலிகள், பந்தி மேசைகள், ஜெனரேட்டர் எல்லாவற்றையும் ஏற்கெனவே வண்டியில் ஏற்றித் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டார்கள். வெறும் ஹால். அதில் பூவிழி வடகம் காயவைத்திருந்தார்.

இரண்டு கோப்பும் ஒரே நாளில் முடிந்தன.

ஏப்ரல் 16

பெரிய முகூர்த்தமாம். நாள்காட்டியில் பார்த்தேன். பக்கத்தில் ஒரு சத்தமும் இல்லை. சௌந்தரம் கேட்டது இதைத்தான். மதியம் வரை கட்டிலிலேயே இருந்துவிட்டேன். நாச்சிமுத்துவின் ஞாபகம் வந்து எழுந்தேன்.

ஏப்ரல் 19

சுபாஷிணி பேசினாள். ஆறாம் மாதப் படையல் வருகிறது, எங்கே வைப்பது என்றாள். வீட்டிலேயே போதும், கூட்டம் வேண்டாம் என்றேன்.

“அம்மா பொறந்த வீட்டுப் பக்கம் யாரைப்பா கூப்பிடறது?”

“சென்னியப்பனைத்தான்.”

“வருவாராப்பா?” என்றாள்.

“கூப்பிடுவது நம்ம கடமை,” என்றேன்.

ஏப்ரல் 20

வெற்றிலை பாக்கு, பழம் எல்லாம் ஒரு தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். பூவிழி கேட்டருகில் வந்தார். “அவரு வெளிய போயிருக்கறாருங்,” என்றார். வாசற்படியில் அவர் செருப்பு இருந்தது. பூவிழியும் அதைப் பார்த்தார், நானும் பார்த்தேன்.

“சரிம்மா. நாளைக்கு வர்றேன்.”

ஏப்ரல் 21

போனேன். வெளியூராம்.

ஏப்ரல் 22

போனேன். இன்று வாசற்படியில் செருப்பு இல்லை. உள்ளே எடுத்து வைத்துவிட்டார்கள். தட்டிலிருந்த வெற்றிலை வாடிவிட்டது. நாளைக்கு வேறு வாங்கவேண்டும்.